அப்பாவை அழைத்து வருகிறேன், சித்தப்பா

சித்தப்பா,

அப்பாவுக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. அக்டோபர் முதல் வாரம் பாரிஸ் வந்து இறங்குகிறார். இரண்டு நாள் என் வீட்டில் ஓய்வெடுத்ததும் போர்தோவில் ரயில் மாறி, தென்மேற்கு பிரான்சில் நீங்கள் இருக்கும் சார்லாவுக்கு வருகிறோம். வெளியில் ஒரு அறை எடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டு வாசலில் பெட்டியோடு வந்து நின்று உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன்.

நான் போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. ஆனால் இங்கே எழுதுவதை ஒன்று விடாமல் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதத்தை இங்கே போடுகிறேன். நம் ஊரிலிருந்தும் சிலர் படிக்கிறார்கள். வீட்டு விவகாரம் ஏதாவது கிடைக்கும் என்று வந்தவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். யார் என்ன கேட்டார், யார் எதில் கையெழுத்துப் போட்டார் என்பதெல்லாம் இதில் இருக்காது.

அப்பாவால் நடக்க முடியுமா என்றுதான் முதலில் யோசிப்பீர்கள். முடியும். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகும் விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைத் தாண்டி நடந்துவிட்டுத்தான் காபி குடிக்கிறார். பேனாக் கோட்டைக்கு அவரை ஏற்ற மாட்டேன். தொர்தோஞ் ஆற்றிலிருந்து 150 மீட்டர் உயரத்தில், செங்குத்துப் பாறையின் விளிம்பில் நிற்கிற கோட்டைக்கு அந்தக் கல் பாவிய சந்துகளில் ஏறிப் போவது முட்டிக்கு ஆகாது. தோம் நகரத்தையும் காரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். 1307க்குப் பிறகு டெம்பிளர் என்ற கிறிஸ்தவத் துறவி வீரர்களை அடைத்துவைத்த வாசல் கோபுரமும், சுவரில் அவர்கள் கீறிய சிலுவைகளும் எங்கேயும் போய்விடாது. அப்பா நடக்கப் போவது தென்கரையில். காஸ்தெல்னோ பாலத்தடியிலிருந்து ஃபைராக் வழியாக மிலாந்த் வரை. பெரும்பாலும் சமதரை, வால்நட் தோப்புகள், கடைசியில் ஒரு ஏற்றம். உங்கள் பாதை.

கோட்டையை உள்ளே போய்ப் பார்ப்பவனுக்குச் சுவர்தான் தெரியும், நடந்து பார்ப்பவனுக்குத்தான் அது எதற்காக அங்கே நிற்கிறது என்று புரியும் என்பீர்கள். அந்த ஐந்து கிலோமீட்டர் வட்டத்துக்குள் பேனாக், காஸ்தெல்னோ, ஃபைராக், மார்க்கெஸாக், மிலாந்த் என்று ஐந்து. காரில் போகிறவர்கள் ஒவ்வொன்றாக நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். தோப்புக்குள் நடந்து போனால்தான் ஒரு கோட்டை மரங்களுக்குப் பின்னால் மறைகிற நேரத்தில் எதிர்க்கரையில் இன்னொன்று எழுகிறது, ஒன்றின் கண்ணிலிருந்து இன்னொன்று தப்ப முடியாது என்று தெரிகிறது. நூறாண்டுப் போரில் பேனாக் பிரெஞ்சு அரசன் பக்கம், காஸ்தெல்னோ பெரும்பாலும் ஆங்கிலேயர் கையில், நடுவில் தொர்தோஞ் ஆறுதான் எல்லை. 1442இல் காஸ்தெல்னோ முற்றுகையில் பணியும்வரை இப்படியே. அந்த இரண்டு கோட்டைகளைப் பார்க்கும்போது எனக்கு என்ன தோன்றும் என்று உங்களுக்குத் தெரியும். அதை எழுத மாட்டேன்.

எழுத வேண்டியது அந்த மூடுபனிக் காலை.

ஆறு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளை. கையால் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் தூரத்தில் மட்டும் மரங்கள். வழியைக் காட்டும் மஞ்சள் கோடு ஒன்றை ஒரு மரத்தில் கண்டுபிடித்து, "இது சரி. குறுக்காகப் பெருக்கல் குறி போட்டிருந்தால்தான் திரும்பணும்" என்றீர்கள். பாதி வாழ்க்கையைப் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக மார்ச் போட்டே கழித்த மனிதர் எனக்காக அவ்வளவு மெதுவாக நடந்தீர்கள். என் ஷூ லேஸ் அவிழ்ந்தபோதெல்லாம் ஏதோ மரத்தைப் பார்ப்பது போல நின்றீர்கள். அதைக் கவனித்தேன் என்று இதுவரை உங்களிடம் சொன்னதில்லை.

தோப்பில் கிடந்த காய்களைத் தொடக் கூடாது, அது விவசாயிக்குச் சொந்தம் என்று சொல்லிவிட்டு, பாதையில் உருண்டு வந்து கிடந்த இரண்டை மட்டும் எடுத்தீர்கள். ஒன்றில் பச்சைத் தோல் பாதி அழுகி ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கட்டைவிரலால் வழித்தெடுத்தபோது நகக்கண்ணெல்லாம் பழுப்பானது. ஒரு வாரம் போகாது என்றீர்கள். பிறகு இரண்டையும் ஒரே உள்ளங்கையில் வைத்து, ஒன்றின் விளிம்பை இன்னொன்றின் மூட்டுவாயில் பொருத்தி அழுத்தினீர்கள். டொக் என்று ஒன்று உடைந்தது. புதுக் காயின் பருப்பில் அந்த மெல்லிய தோல் கசக்கும் என்று அதையும் உரித்து எனக்குக் கொடுத்தீர்கள். நீங்கள் சாப்பிடவில்லை.

"சின்ன வயசுல பீச்சுல வாதாங்கொட்டை பொறுக்குவோம். உங்கப்பன்தான் கல்லு வெச்சி உடைப்பான். பருப்பு நசுங்காம உடைக்க அவனுக்குத்தான் தெரியும். உடைச்சதையெல்லாம் எனக்குக் குடுத்துட்டு வெறும் ஓட்டை வெச்சிக்கினு உக்காந்திருப்பான்."

அவ்வளவுதான் சொன்னீர்கள். அப்போது தலைக்கு மேலே பனி கிழிந்து காஸ்தெல்னோவின் கோபுரம் மட்டும், கீழே மலையே இல்லாமல் தெரிந்தது. நான் அண்ணாந்து பார்த்தேன். நீங்கள் பார்க்கவில்லை, கையிலிருந்த இன்னொரு காயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அந்த மனிதருக்கு ஆபரேஷன் நடந்தபோது ஒரு போன் செய்திருக்கலாமே, சித்தப்பா? மயக்கம் தெளிந்து அவர் கேட்ட இரண்டாவது பெயர் உங்களுடையது. நான் பொய் சொன்னேன். கூப்பிட்டார், நல்லா ஆயிடும்னு சொன்னார் என்றேன். அவர் நம்பவில்லை, நம்பியதாகக் காட்டிக்கொண்டார். அதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பேனாக்கைச் சுற்றி சாலை போடுகிறோம் என்று ஆற்றுக்குள் தூண்களை நட்டபோது நீங்கள் கொதித்தது நினைவிருக்கிறது. கோட்டைகளின் காலடியில் லாரி ஓடலாமா, இந்தக் கரையை மறுபடி யார் கொண்டுவந்து தருவார் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பேசினீர்கள். 2018 டிசம்பரில் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் வேலையை நிறுத்தச் சொன்ன அன்று நீங்களே என்னைக் கூப்பிட்டுச் சொன்னீர்கள். குரல் நடுங்கியது. எங்கோ இருக்கும் ஒரு பிரெஞ்சுக் கிராமத்துக்காக அப்படிப் பேசத் தெரிந்த உங்களுக்கு, நம் தெருவில் உங்களோடு பிறந்தவரிடம் பேச ஒரு வார்த்தை இல்லாமல் போனது எப்படி? கேட்கிறேன். கேட்க எனக்கு உரிமை உண்டு.

கோபமாக எழுதிவிட்டேன். அழிக்கப் போவதில்லை. ஆனால் மன்னித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மிலாந்தை நினைக்கும்போது இந்தக் கோபம் நிற்பதில்லை.

போகும்போதெல்லாம் அங்கே அதே கதையைத்தான் சொல்வீர்கள். காஸ்தெல்னோவின் பிரபு ஃபிரான்சுவா த கோமோன், அவர் மனைவி குளோத் த கார்தயாக். போருக்காகக் கட்டிய அந்த இருண்ட கோட்டை அவளுக்குப் பிடிக்கவில்லை. வெளிச்சம் வரும் வீடு வேண்டும் என்றாள். 1489இல் அவர் மிலாந்தைக் கட்டிக்கொடுத்தார், பெரிய சன்னல்களோடு. அப்புறம் பின்பக்கம் போய்ச் சமையலறைப் படிக்கட்டின் முன்னால் நிற்பீர்கள். பாடகியும் நடனக்காரியுமான ஜோசஃபின் பேக்கர் 1947இல் வாங்கி, தத்தெடுத்த பன்னிரண்டு பிள்ளைகளை வளர்த்த வீடு. கடன் முற்றி 1969இல் வெளியேற்றப்பட்டபோது அவர் அந்தப் படியில்தான் உட்கார்ந்திருந்தார், போர்வையைச் சுற்றிக்கொண்டு. அந்தப் புகைப்படம் பற்றி மட்டும் பேச மாட்டீர்கள், நிற்பீர்கள்.

சித்தி போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. சித்தி ஒரு வீடு கேட்டார்கள். கடல் சத்தம் கேட்கிற வீடு. அவர்கள் கேட்டது நியாயமா, அப்பா சொன்னது நியாயமா என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல முடியாது, சொன்னால் இரண்டு பேருக்கும் துரோகம். ஆனால் வீட்டைக் கட்டிக்கொடுத்தவனின் கதையை நீங்கள் அத்தனை முறை சொன்னது எனக்காக அல்ல என்று மட்டும் இப்போது தெரிகிறது. அப்பாவுக்கும் அது தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தக் கதையை அவரிடம் நான் சொன்னால் சரிவராது.

உங்களைக் கேட்காமல் உங்கள் பாதையில் அவரைக் கூட்டிவருவதற்கு நீங்கள் கோபப்படலாம். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள், அந்த வேண்டாமை மீறவும் என்னால் முடிந்திருக்காது. அப்பாவிடமும் உங்களைப் பார்ப்போம் என்று சொல்லவில்லை. கோட்டை பார்க்கப் போகிறோம், நடக்கிற ஷூ எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றேன். ஏன் எதற்கு என்று கேட்காத மனிதர், "அங்க அக்டோபர்ல குளுருமா? அவன் ஸ்வெட்டர் போடுறானா?" என்று கேட்டார். யாரென்று நானும் கேட்கவில்லை.

வந்து சேர்ந்த பிறகு முதல் ஞாயிறு, காலை ஒன்பதரைக்கு காஸ்தெல்னோ பாலத்தடியில் இருப்போம். பத்தரை வரை காத்திருப்போம், அதற்கு மேல் அப்பாவால் நிற்க முடியாது. நடந்தால் பரவாயில்லை, நிற்பதுதான் அவருக்கு வலி. தாமதமானால் ஃபைராக் பக்கம் வாருங்கள், மெதுவாகத்தான் போய்க்கொண்டிருப்போம். பேச வேண்டாம் என்றால் பேச வேண்டாம். உங்கள் கைத்தடிகளில் ஒன்றை அவருக்குக் கொண்டுவாருங்கள், உயரம் இருவருக்கும் ஒன்றுதான்.

உங்கள் மகள்