அமிஷ் வீட்டில் செல்போன் இல்லாதது பெரிய செய்தி அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் நவீன வசதிகள் பலவற்றைத் தவிர்த்து எளிமையாக வாழும் அமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் குடும்பங்களோடு சில வாரம் தங்கிவிட்டு வந்த வெளி இளைஞர்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை வீட்டில் எல்லோரும் படித்தோம். தமிழில் யாரும் அதிகம் தொடாத விஷயம், நன்றி. ஆனால் கட்டுரை முழுக்க ‘செல்போன் இல்லாமல் நிம்மதியாக இருந்தார்கள்’ என்ற ஒரே பாட்டுதான். என் கணவரின் வேலைக்காகப் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், அமிஷ் மக்கள் நிறைய வாழும் லங்காஸ்டர் கவுண்டியில் சில ஆண்டுகள் குடியிருந்தோம். அங்கே போய்த் தங்கும் பிள்ளைகளுக்குக் கிடைப்பது ஓய்வு இல்லை, வேலையும் பொறுப்பும்தான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகள் கோடை விடுமுறையில் பக்கத்து அமிஷ் பண்ணைக்கு ஒத்தாசைக்குப் போவாள். திங்கட்கிழமை அங்கே துணி துவைக்கும் நாள். உருளைக்குள் துணியைக் கொடுத்துப் பிழியும் பழைய மாடல் மெஷின், காற்றழுத்தத்தில் ஓடும். பிழிந்ததை ஒவ்வொன்றாகக் கொடியில் மாட்டிக் கயிற்றை இழுத்தால், கப்பியில் உருண்டு தொழுவத்தின் உச்சிவரை போகும். நீலம், ஊதா, பச்சை என்று பூவேலை இல்லாத கவுன்கள், அப்புறம் ஆண்களின் கறுப்புக் கால்சட்டைகள். முடித்துக் கையைத் துடைப்பதற்குள் குளிர்காலத்துக்குப் பாட்டிலில் அடைக்க வேண்டிய பீன்ஸ் கூடைகூடையாக வந்துவிடும். என் மகளுக்கு வேலை சொல்லிக்கொடுத்தது அந்த வீட்டின் சின்னப் பெண், எட்டு வயது இருக்கும். ‘நான் ஒருநாள் போகாவிட்டால் அங்கே ஒரு வேலை நின்றுவிடும் அம்மா’ என்று மகள் பெருமையோடு சொல்வாள். எங்கள் வீட்டில் அவளுக்கு அந்த உணர்வைக் கொடுக்க எங்களால் முடிந்ததில்லை.

2011இல் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி ஆறு பிரிட்டிஷ் இளைஞர்களை அமெரிக்காவில் அமிஷ் குடும்பங்களோடு தங்கவைத்துப் படமெடுத்தது. அவர்களும் வீட்டு வேலை, பண்ணை வேலை என்று இறங்கினார்கள்.

அமிஷ் மக்களுக்கு இயந்திரமே ஆகாது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது சரியில்லை. லங்காஸ்டரில் பல பண்ணைகளின் வழியோரம் ஒரு சிறு மரக் கொட்டகை நிற்கும், அதற்குள் தொலைபேசி இருக்கும். தேவைக்குப் போய்ப் பேசிவிட்டு வரலாம், ஆனால் அது வீட்டுக்குள் மணியடிக்காது. குளிர்சாதனப் பெட்டி எரிவாயுவில் ஓடும். 1960களில் பால் நிறுவனங்கள் குளிரூட்டும் தொட்டி இருந்தால்தான் வாங்குவோம் என்றபோது, டீசல் எஞ்சினில் ஓடும் தொட்டிக்கு அங்கிருந்த சபைகள் சம்மதித்தன. ஞாயிற்றுக்கிழமை பால் எடுக்க வரக்கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. எதை ஏற்பது, எதை விடுவது என்று சபையே கூடி முடிவு செய்கிறது. ‘ஓர்ட்னுங்’ என்ற அந்த ஒழுங்குமுறையை வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், திருவிருந்துக்கு முன் எல்லோரும் சேர்ந்து பேசி உறுதிசெய்கிறார்கள். தனியாளாகச் செல்போனை அணைத்து வைப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஞானஸ்நானத்துக்கு முந்தைய இளமைப் பருவமான ‘ரும்ஸ்பிரிங்கா’ பற்றிய பத்தியும் வருத்தமாக இருந்தது. பதினாறு வயதில் எல்லாப் பிள்ளைகளும் குடியும் கூத்துமாகத் திரிவதுபோல எழுதியிருக்கிறார். அப்படிப் போகிறவர்கள் உண்டுதான். ஆனால் பெரும்பாலோருக்கு அந்தப் பருவம் வாலிபால் ஆட்டமும், ஞாயிறு மாலை பையன்களும் பெண்களும் நீள மேசையின் இருபுறமும் உட்கார்ந்து பாடுவதும்தான். பிறகு பெரும்பாலோர் ஞானஸ்நானம் பெற்றுச் சபையிலேயே தங்கிவிடுகிறார்கள்.

கட்டுரை தொடாமல் விட்டது படிப்பு விஷயம். அமிஷ் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு பள்ளியை முடித்துவிடுகிறார்கள். 1972இல் விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து வந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அதற்கு மேல் படிக்க வேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது எனத் தீர்ப்பளித்தது. நீதிபதி வில்லியம் டக்ளஸ், பிள்ளைகளின் விருப்பத்தையும் கேட்க வேண்டாமா என்று பகுதி மாற்றுக்கருத்து எழுதினார். நான் டக்ளஸ் பக்கம். விருந்தாளியாகப் போகும் பையனுக்குச் சில வாரத்தில் கல்லூரி திறந்துவிடும். அவனோடு சேர்ந்து பால் கறந்த பையனுக்கு அந்தக் கதவே கிடையாது. ஞானஸ்நானம் பெற்ற பிறகு விலகினால், சொந்த வீட்டிலேயே ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடியாமல் போகலாம். இதைச் சொல்லாமல் நிம்மதியை மட்டும் பாடினால் அரைக்கதைதான்.

அவர்கள்மேல் எனக்கு மரியாதை குறைந்துவிடவில்லை. பெரும்பாலோர் மருத்துவக் காப்பீடு எடுப்பதில்லை. ஒரு வீட்டில் அறுவை சிகிச்சை என்றால் சபை பணம் திரட்டுகிறது. தொழுவம் எரிந்துபோனால் ஊரே வந்து கட்டிக்கொடுக்கிறது. இப்படித் தாங்குவதும் அப்படிக் கட்டிப்போடுவதும் ஒரே கை என்பதால்தான் இதைப் பற்றி எழுதுவது கடினம்.

இரண்டு வேண்டுகோள். அமிஷ் சமூகத்தை விட்டு வெளியே வந்து, பெரியவர்களான பிறகு உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்குப் படித்தவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதையும் ஒரு கட்டுரையாகப் போடுங்கள். அட்டையில் ஓர் அமிஷ் பெண்ணின் முகத்தை நெருக்கமாகப் போட்டிருந்தீர்கள். முகம் தெரியப் படமெடுப்பதை அவர்களில் பலர் தங்கள் மத நம்பிக்கைக்கு விரோதமாகக் கருதுகிறார்கள். அடுத்த முறை வயலையோ குதிரை வண்டியையோ போடுங்கள்.

அன்புடன்,
வாசகி, திருச்சி