அங்கன்வாடி மேல் நிற்கும் பழைய தண்ணீர்த் தொட்டியை இடித்து அகற்றக் கோரும் மனு

அனுப்புநர்:
டேங்க் தெரு மற்றும் அதன் குறுக்குத் தெருக்களில் குடியிருப்போர்,
சென்னைப் புறநகர்.

பெறுநர்:
நகராட்சி ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

பொருள்: பயன்பாட்டில் இல்லாத மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இடிந்து விழும் நிலையில் உள்ளது – அதன் கீழே இயங்கும் அங்கன்வாடியை உடனே இடம் மாற்றுதல் – தொட்டியை இடித்தல் – பக்கத்து மனையில் நடக்கும் பள்ள வேலையை நிறுத்துதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து நாங்கள் முன்பு அளித்த மனுக்கள். ஒப்புகைச் சீட்டுகளின் நகல் இணைப்பில் உள்ளது.

வணக்கம்.

டேங்க் தெரு தங்களுக்குப் புதிய இடம் அல்ல. மார்க்கெட்டிலிருந்து ஏரிக்கரைக்குப் போகும் வழியில், ரேஷன் கடையைத் தாண்டியதும் இடதுபக்கம் திரும்பும் தெரு. மழைக்காலத்துக்கு முன் வடிகால் தூர்வாரும் வேலையைப் பார்வையிடத் தாங்கள் வந்திருந்தபோது வண்டி நின்றது அந்தத் தொட்டிக்கு நேர் கீழேதான். அன்று தங்களைச் சுற்றி நின்றவர்களைத் தாண்டி எங்களால் கிட்டே வர முடியவில்லை. எனவே மறுபடியும் எழுத்தில் தருகிறோம். பொறுமையாகப் படித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

1. நம் ஊர் பேரூராட்சியாக இருந்த காலத்தில் கட்டிய தொட்டி இது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புதுத் தொட்டி வந்த பிறகு இதில் தண்ணீர் ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். இடிக்கவில்லை. தூண்களில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு ஓடுகிறது. சுற்றுப் பீமில் காங்கிரீட் உதிர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. ஏணியின் கீழ்ப்பாதி துருப்பிடித்து எப்போதோ விழுந்துவிட்டது. எங்கள் தெருவில் ஆயுள் முழுக்க மேஸ்திரியாக இருந்த பெரியவர் சொல்கிறார்: கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் மேலே மூடியிருக்கும் காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும், மேலே எத்தனை பூச்சு பூசினாலும் உள்ளே நடப்பது நிற்காது. நகராட்சி செய்தது அந்தப் பூச்சு வேலையைத்தான். பூசி, வெள்ளையடித்து, 'மழைநீரைச் சேமிப்போம்' என்று நீலத்தில் எழுதிவிட்டுப் போனார்கள். அடுத்த மழையிலேயே 'சேமிப்போம்' கீழே வந்துவிட்டது.

2. அந்தத் தொட்டியின் அடியில் அங்கன்வாடி நடக்கிறது. பக்கத்தில் என்று எழுதினால் தவறாகிவிடும். மையத்தின் பின்சுவருக்கும் தொட்டித் தூணுக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகும் அளவு இடைவெளிதான். சமையல் அறைக் கூரை சிமெண்ட் ஷீட். அதில் விழுந்த துண்டு ஒரு ஓட்டை போட்டது. டீச்சர் தன் கைக்காசில் பிளாஸ்டிக் ஷீட் வாங்கி மூடினார். அப்புறம் அதன் மேலேயும் விழுந்தது. இப்போது அடுப்பை வாசல் பக்கம் நகர்த்தி வைத்துச் சமைக்கிறார்கள். முட்டை வேகும் பாத்திரத்துக்கு ஒரு மூடி போதாமல் இரண்டு போடுகிறார் ஆயாம்மா. ஏனென்று கேட்டால் கையை மேலே காட்டுகிறார்.

பிள்ளைகளுக்கு இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது. மதியம் சாப்பிட்டதும் தூங்க வைக்கிறார்கள். முன்பு ஜன்னல் ஓரம் பாய் விரிப்பார்கள், காற்று வரும். அந்த ஜன்னல் தொட்டிப் பக்கம் என்பதால் இப்போது எல்லாப் பாயையும் எதிர்ச்சுவரோடு நெருக்கிப் போட்டிருக்கிறார்கள். மே மாதத்திலும் ஜன்னலைத் திறப்பதில்லை. மாலையில் பிள்ளையைக் கூப்பிட வரும் அம்மாக்கள் வாசலில் நிற்பதில்லை. தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், பிள்ளை ஓடி வருகிறது. சத்துமாவு வாங்க வரும் கர்ப்பிணிகளும் அப்படித்தான். டீச்சர் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்து கொடுக்கிறார். மழை வந்தால் யாரும் பிள்ளைகளை அனுப்புவதில்லை. வேலைக்குப் போகிற அம்மாவுக்கு அன்று கூலி போகிறது, பிள்ளைக்குச் சாப்பாடு போகிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மையம் மூடியிருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு கதவைத் திறந்தால், பிள்ளைகள் எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் தேங்காய் அளவு காங்கிரீட் கட்டி கிடந்தது. ஓட்டை வழியாக வந்திருக்கிறது. அதன் போட்டோவை முந்தைய மனுவிலேயே வைத்திருந்தோம்.

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் அப்படியே சரிந்தது தங்களுக்கு நினைவிருக்கும். ஒரு உயிரும் போகவில்லை. காரணம், சுவரில் விரிசல் பெரிதாவதைப் பார்த்து ஜனங்கள் முன்கூட்டியே வெளியே ஓடிவந்துவிட்டார்கள். அவர்கள் பெரியவர்கள், விரிசலைப் பார்த்தால் புரியும். இங்கே படுத்திருப்பது மூன்று வயதுப் பிள்ளைகள், அதுவும் தூக்கத்தில்.

எங்கள் மனுக்களுக்குப் பலனே இல்லை என்று சொல்ல மாட்டோம். ஒரு போர்டு வந்தது. 'பழுதடைந்த தொட்டி. பொதுமக்கள் அருகில் செல்ல வேண்டாம். இப்படிக்கு, நகராட்சி.' அதை அங்கன்வாடி கேட் மேலேயே கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் தினமும் அந்தப் போர்டுக்குக் கீழே குனிந்து உள்ளே போகிறார்கள். அம்மா, இதை எழுதிக் கட்டச் சொன்னவர் அந்த கேட்டுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தாரா?

3. தொட்டிக்குத் தெற்கே உள்ள மனையில் அடுக்குமாடி வருகிறது. அனுமதி தங்கள் அலுவலகம் கொடுத்தது என்கிறார்கள். அனுமதி எண், மாடிகள் எத்தனை என்று எழுதிய பலகை எதுவும் மனையில் இல்லை. அஸ்திவாரத்துக்கும் சம்புக்கும் ஜே.சி.பி. வைத்துத் தோண்டிய பள்ளம் தொட்டித் தூணுக்கு மிக அருகில் வந்துவிட்டது. பள்ளத்தில் தண்ணீர் ஊறி, இரவெல்லாம் மோட்டார் வைத்து இறைக்கிறார்கள். ஏரி மண், இளகின மண் என்பது இந்த ஊரில் வீடு கட்டிய எல்லோருக்கும் தெரியும். பழைய தூணின் காலடி மண்ணைப் பக்கத்தில் இருந்து எடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல இன்ஜினியர் தேவையில்லை. கட்டடம் எழும்போதே சரியும் என்பதை 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் இந்தச் சென்னை பார்த்திருக்கிறது. 61 பேர் போனார்கள். அதற்குப் பிறகும் மனை வரைபடத்தில் கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் ஒரு தொட்டி நிற்பதைப் பார்த்தார்களா, அது வரைபடத்தில் காட்டப்பட்டிருக்கிறதா என்று அறிய விரும்புகிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கட்டுகிறவர் முதலில் தன் ஆட்களின் கொட்டகையைத் தொட்டி ஓரம்தான் போட்டிருந்தார். ஒரு நாள் அவருடைய சைட் இன்ஜினியர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, அன்று மாலையே கொட்டகையைப் பிரித்து மனையின் அடுத்த மூலைக்கு மாற்றச் சொல்லிவிட்டார். தனியாருக்கு ஒரே நாளில் புரிந்தது, அவர் தன் ஆட்களைக் காப்பாற்றிக்கொண்டார். சரி, அவரைக் குறை சொல்ல முடியாது. நகராட்சியின் கட்டடத்தில் இருக்கும் நகராட்சிப் பிள்ளைகளை யார் நகர்த்துவது?

4. எங்கள் தெரு டீக்கடை அம்மா மாடியில் ஒரு அறை எடுத்தார். பக்க இடைவெளி ஒரு சாண் குறைகிறது என்று நோட்டீஸ் வந்தது. விதி விதிதான், நாங்கள் மறுக்கவில்லை. 2019 கட்டட விதிகளில் எவ்வளவு விட வேண்டும் என்று இருக்கிறதோ அதை விட்டுத்தான் கட்ட வேண்டும். ஆனால் அளக்க வந்தவர் டேப்பின் ஒரு முனையை ஆணியில் மாட்டுவதற்கு நின்ற இடம் தொட்டியின் நிழல். ஒரு சாண் குறைவது தெரிந்த கண்ணுக்குத் தலைக்கு மேலே தொங்குவது தெரியவில்லை. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டச் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. சின்ன வீடுகளை அளக்கப் போகும் வேலை அந்த அளவுக்குக் குறைந்திருக்கும். மிச்சப்படும் நேரத்தில் நகராட்சி தன் சொந்தக் கட்டடங்களை ஒரு நடை பார்த்து வரலாம். 13.4.2023 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தை வைத்துத்தான் எல்லோருக்கும் நோட்டீஸ் போகிறது. தனியார் சுவர் சாய்ந்திருந்தால் உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கிறீர்கள், இடிக்காவிட்டால் இடித்து அவரிடமே செலவை வாங்குகிறீர்கள். உரிமையாளர் நகராட்சியாக இருந்தால் அந்த நோட்டீஸ் எந்த மேசைக்குப் போக வேண்டும்?

5. மேசைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். பொறியியல் பிரிவில் கேட்டால் தொட்டி குடிநீர் வாரியம் கட்டியது என்கிறார்கள். வாரியத்தில் கேட்டால் எப்போதோ உள்ளாட்சியிடம் ஒப்படைத்தாயிற்று என்கிறார்கள். அங்கன்வாடி சமூக நலத்துறை, அதனால் இடம் மாற்ற அவர்கள் கடிதம் வேண்டும். அவர்களோ கட்டடம் நகராட்சியுடையது, நகராட்சி வேறு இடம் காட்டினால் நாளைக்கே மாறத் தயார் என்கிறார்கள். நகரமைப்புப் பிரிவில், அனுமதி கொடுத்தது எங்கள் வேலை, தொட்டி எங்கள் வேலை இல்லை என்கிறார்கள். ஆன்லைனில் போட்ட புகாருக்கு 'நடவடிக்கை எடுக்கப்பட்டது, புகார் முடித்துவைக்கப்பட்டது' என்று மெசேஜ் வந்தது. என்ன நடவடிக்கை? தொட்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. முடிந்தது புகார் மட்டும்தான்.

6. வேறு இடம் இல்லை என்று சொல்ல வேண்டாம். ரேஷன் கடைக்கு எதிரே சமுதாயக் கூடம் இருக்கிறது. நகராட்சிச் சொத்து, ஓட்டுக் கட்டடம் இல்லை, கான்கிரீட், உறுதியாக இருக்கிறது. உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டையும் உடைந்த தெருவிளக்குகளும் பழைய குப்பைத் தொட்டிகளும் அடுக்கி வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கிறது, அதைக் கொடுத்தால் போதும். சுத்தம் செய்ய ஆள் இல்லை என்றால் நாங்கள் வருகிறோம். வெள்ளையும் நாங்களே அடித்துத் தருகிறோம். எதையும் எழுத மாட்டோம்.

7. வடகிழக்குப் பருவமழை வருகிறது.

ஆகவே தங்களிடம் பணிவுடன் கேட்டுக்கொள்வது: முதலில் அங்கன்வாடியைச் சமுதாயக் கூடத்துக்கு மாற்றுங்கள். இதற்கு டெண்டர் தேவையில்லை, எஸ்டிமேட் தேவையில்லை, சாவி இருந்தால் போதும். அடுத்து, தொட்டியின் நிலையைத் தகுதியான கட்டமைப்புப் பொறியாளரை வைத்து ஆய்வு செய்து, சுற்றிலும் தடுப்பு வைத்து, முறையாக இடித்து அகற்ற ஆணையிடுங்கள். அதுவரை பக்கத்து மனையில் தூணை ஒட்டித் தோண்டுவதை நிறுத்துங்கள், அனுமதி விவரப் பலகையை மனையில் வைக்கச் சொல்லுங்கள், அனுமதி வரைபடத்தின் நகலை எங்களுக்குத் தாருங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் பத்து ரூபாய் கட்டிக் கேட்கத்தான் போகிறோம், முப்பது நாளில் பதில் தரத்தான் வேண்டியிருக்கும். அந்த முப்பது நாளில் மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்பதுதான் எங்கள் கவலை.

இடிக்கப் பணம் இல்லை என்றால் பணம் வரும்வரை காத்திருக்கிறோம். தொட்டி எங்கள் வீடுகள் மேல் விழுந்தாலும் அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். பிள்ளைகளை மட்டும் அதன் அடியிலிருந்து எடுத்துவிடுங்கள். இதை எத்தனை விதமாக எழுதுவது என்று எங்களுக்கும் தெரியவில்லை. மாற்றுங்கள் அம்மா, இந்த வாரமே மாற்றுங்கள்.

இப்படிக்கு,
டேங்க் தெரு மற்றும் குறுக்குத் தெருக்களின் குடியிருப்போர்
(கையெழுத்துகள் தனித் தாளில்)

இணைப்பு:
முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல்கள்
தொட்டித் தூண், சமையலறைக் கூரை, கேட்டில் உள்ள போர்டு, பக்கத்து மனைப் பள்ளம் – புகைப்படங்கள்
'புகார் முடித்துவைக்கப்பட்டது' என்ற குறுஞ்செய்தியின் நகல்

குறிப்பு: இந்த மனுவையும் 'உரிய நடவடிக்கைக்காக' என்று எழுதிப் பொறியியல் பிரிவுக்கே அனுப்பிவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம். அங்கே ஏற்கெனவே இருக்கிறது. சமுதாயக் கூடத்தின் சாவி சுகாதாரப் பிரிவு மேஸ்திரியிடம் இருப்பதாக வாட்ச்மேன் சொன்னார்.