அது அதிர்ஷ்டம் இல்லை, மகள்

மட்டக்களப்பு,
2025 ஏப்ரல் 9

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பின வீடியோவை அம்மாவும் நானும் பார்த்தோம். உன் புளோரிடா பல்கலைக்கழகம் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கூடைப்பந்து இறுதிப் போட்டியில் ஹூஸ்டனை வென்ற சந்தோசத்தில், கெயின்ஸ்வில் தெரு முழுக்கச் செம்மஞ்சளும் நீலமுமாகச் சனம். உன் முகத்தைக் கண்டதும் அம்மா கேட்டது, "பிள்ளை சாப்பிட்டவளோ?" என்றுதான். என் கண் நின்றது நீ கீழே எழுதியிருந்த வரியில். "அதிர்ஷ்டத்தில தப்பினோம் அப்பா." அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் தொடங்கினால் வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் வைத்துவிடுவாய்.

இங்கே செவ்வாய் காலை ஆறே கால் தாண்டித்தான் ஆட்டம் தொடங்கியது. விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு, உன் பழைய லப்டொப்பில் கடைசி வினாடி வரை பார்த்தேன். அம்மா வைத்துவிட்டுப் போன தேத்தண்ணி அப்படியே ஆறிப்போய்க் கிடந்தது.

உள்ளதைச் சொன்னால், அன்றைக்குப் புளோரிடா நன்றாக விளையாடவில்லை. அரையிறுதியில் ஓபர்னுக்கு எதிராக 34 புள்ளி அடித்த கிளேட்டன், இறுதிப் போட்டியின் முதல் பாதியில் ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. பந்து கைக்கு வந்த உடனே ஹூஸ்டன் பெடியன்கள் இரண்டு பேர் முன்னால் நிற்கிறார்கள். அப்படிக் காவல் காக்கிற அணியை நான் அதிகம் பார்த்ததில்லை. வில் ரிச்சர்டின் 18 புள்ளி இல்லையென்றால் ஆட்டம் முன்னமே முடிந்திருக்கும். இரண்டாம் பாதியில் 42-30 என்று வந்தபோது நானும் மனதை விட்டுவிட்டேன். முழு 40 நிமிடத்தில் புளோரிடா முன்னால் நின்றது ஏறக்குறைய ஒரு நிமிடம்தான். அதனால்தான் உனக்கும் அது அதிர்ஷ்டமாகத் தெரிகிறது.

ஆனால் மகள், பின்னால் நின்று பிடிக்கிற பழக்கம் அவர்களுக்கு ஒரு நாளில் வந்ததில்லை. டெக்சாஸ் டெக்கோடு மூன்று நிமிடம் சொச்சம் இருக்கையில் 9 புள்ளி பின்னால் நின்று 84-79 என்று வென்றவர்கள். அதற்கு முன்னம், இரண்டு வருடம் தொடர்ந்து கிண்ணம் எடுத்த கனெக்டிகட்டை 77-75 என்று அனுப்பினவர்கள்.

இனிக் கடைசி 20 வினாடிக்கு வருகிறேன். 65-63, புளோரிடா முன்னால். பந்து ஹூஸ்டனிடம். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே அவர்களின் ஷார்ப் பந்தை எறியத் துள்ளுகிறான். கிளேட்டன் எங்கிருந்து ஓடி வந்தான் என்று பார்த்தாயா? நான் ஏழெட்டுத் தரம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அந்த ஓட்டத்தைக் கண்டு ஷார்ப்புக்கு நடு வானத்தில் மனம் மாறுகிறது. பந்தைக் கீழே விட்டுவிடுகிறான். துள்ளி விட்ட பந்தை வேறு யாரும் தொட முதல் தானே தொட்டால் டிராவலிங் என்கிற தவறு, பந்து மற்ற அணிக்குப் போய்விடும். அதனால் பந்து அவன் காலடியில் குதிக்கக் குதிக்க, தொட முடியாமல் நிற்கிறான். புளோரிடாவின் கொண்டன் பாய்ந்து விழுந்து அதை அணைத்துக்கொள்கிறான். அவன் அவுஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துப் பெடியன், சின்ன வயதில், கையாலும் பந்து பிடிக்கிற அவர்களுடைய கால்பந்து விளையாடினவன். நிலத்தில் விழுந்து பந்து பிடிக்க அவனுக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

அன்றைக்குக் கிளேட்டன் எடுத்தது மொத்தமே 11 புள்ளி. எறிந்தது விழாத நாளில் முக்கால்வாசிப் பேருக்குக் காலும் விழுந்துவிடும். மிக்கேல் கல்லூரிக்கு விளையாடின காலத்தில் எனக்கு அப்படித்தான். இரண்டு எறி தவறினால் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி நடப்பேன். என் ஆள் அதற்குள் கூடைக்குக் கீழே நிற்பான். ஒரு இறுதிப் போட்டி அப்படி என் கையால் போனது. அந்த அணியில் இருந்தவர்களை இன்றைக்குக் கண்டாலும் எனக்கு அந்தப் பந்துதான் ஞாபகம் வரும். அதனால்தான் கிளேட்டன் ஓடின அந்த ஓட்டத்தை நீ அதிர்ஷ்டம் என்று சொல்ல என்னால் பொறுக்க முடியவில்லை.

ஷார்ப்பை நினைத்தும் மனம் பாரமாகத்தான் இருக்கிறது. நிலத்தில் குந்திவிட்டான் பாவம். இரண்டு நாளுக்கு முன் டியூக்கை 14 புள்ளி பின்னால் நின்று 70-67 என்று மடக்கின அணி அது. உன் கூட்டாளிகள் யாரும் அவனைக் கேலி செய்தால் நீ சேராதே.

இந்த விளையாட்டை நம் ஊரில் வேரூன்ற வைத்ததும் அமெரிக்காவில் இருந்து வந்த சேசு சபைப் பாதர்மார்தான். அவர்களில் ஒருவரான பாதர் ஹேபர்ட் அங்கே லூசியானாக்காரர். 1990 ஆகஸ்ட் 15 வாழைச்சேனையில் இருந்து ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்கு வெளிக்கிட்டவர், வந்து சேரவேயில்லை. செவ்வாய்க்கிழமை ஆட்டம் முடிந்ததும் எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. அவர் இருந்திருந்தால் இதைப் பற்றிப் பேச ஓடிப்போயிருப்பேன்.

சரி, வருசப் பிறப்புக்கு அம்மா கொக்கிசான் சுடப் போகிறா. உனக்கு அனுப்ப வழி பார்க்கிறோம். சின்ன மாமாவின் மகன் இப்போது பள்ளிக்கூட அணியில். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன், கடைசி 20 வினாடியை அவனுக்குப் போட்டுக் காட்ட. நீயும் ஒரு தரம் திரும்பப் பார். பந்தை விட்டுவிட்டு, கிளேட்டனின் காலை மட்டும் பார்.

அன்புடன்,
அப்பா