பெர்னினியோடு முடிந்த கதையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பிரெஞ்சுக் கலை பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். வெர்சாய் அரண்மனையை மூன்று பக்கம் வியந்து எழுதியவர், ‘பரோக் பாணியைப் பிரான்ஸ் ஏற்கவில்லை, பெர்னினியைத் திருப்பி அனுப்பியதே அதற்குச் சாட்சி’ என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார். (பரோக் என்பது அசைவும் உணர்ச்சியும் ஒளி-நிழல் முரணும் ததும்பும் பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பியக் கலைப் பாணி; பெர்னினி அதன் பெயர்பெற்ற இத்தாலியச் சிற்பி, கட்டடக் கலைஞர்.) முப்பது ஆண்டுகள் பள்ளியில் ஓவியம் கற்பித்தவனால் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

பெர்னினி 1665இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் அழைப்பின்பேரில் ரோமிலிருந்து வந்தார். லூவர் அரண்மனையின் கிழக்கு முகப்புக்கு அவர் வரைந்த திட்டப்படி அந்த அக்டோபரில் அடிக்கல்கூட நாட்டினார்கள். அவர் ஊர் திரும்பிய பிறகு அதைக் கைவிட்டது உண்மைதான். ஆனால் பாரிஸில் தங்கிய அந்தச் சில மாதங்களில் அவர் செதுக்கிய மன்னரின் மார்பளவுப் பளிங்குச் சிலை இன்றும் வெர்சாயில் இருக்கிறது. முகம் ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது; மேலாடை காற்றில் அள்ளுண்டு பறக்கிறது. பரோக் வேண்டாம் என்றவர்கள் இதை எதற்காகப் பாதுகாத்தார்கள்? (பெர்னினி ரோமில் செதுக்கி, 1685இல் வந்திறங்கிய மன்னரின் குதிரைச் சிலைதான் பாவம். மன்னருக்குப் பிடிக்காமல்போக, ழிரார்தோன் என்ற சிற்பி அதை மார்க்குஸ் குர்த்தியுஸ் என்ற ரோமானிய வீரனாக மாற்றினார். பிறகு அதைத் தோட்டத்துக் கோடியில் நிறுத்திவிட்டார்கள்.)

உண்மையில் பெர்னினி வருவதற்கு 38 ஆண்டுகள் முன்பே பரோக் பாரிஸுக்கு வந்துவிட்டது. இத்தாலியில் பேரும் புகழும் பெற்றிருந்த சிமோன் வூவே என்ற பிரெஞ்சு ஓவியரை 1627இல் பதின்மூன்றாம் லூயி திரும்ப அழைத்துக்கொண்டார். வூவேயின் பட்டறையில் தொழில் பழகிய ஷார்ல் லெ பிரன்தான், கட்டுரையாளர் வாய்பிளந்து நிற்கும் வெர்சாயின் அந்த 73 மீட்டர் நீளக் கண்ணாடி மண்டபத்தின் விதானத்தைத் தீட்டியவர். 1648இல் ஓவியத்துக்கும் சிற்பத்துக்குமான அரச அகாதெமி வந்த பிறகு கட்டுப்பாடு கூடியது, துள்ளல் குறைந்தது என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். பாணியையே ஏற்கவில்லை என்றால் எப்படி?

அதைவிட எனக்குப் பெரிய வருத்தம், ஜார்ஜ் த லா தூர் என்ற ஓவியரின் பெயரே கட்டுரையில் இல்லாதது. அவர் வாழ்ந்த லொரேன் அன்று தனிச் சிற்றரசுதானே என்று கட்டுரையாளர் வாதிடலாம். ஆனால் 1639லேயே பிரெஞ்சு மன்னரின் ஓவியர் என்ற பட்டம் அவருக்குக் கிடைத்துவிட்டது. 1652இல் இறந்தவரை உலகம் அடியோடு மறந்துபோய், 1915இல் ஹெர்மன் வோஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் மீட்டெடுத்தார். நாமும் மறக்க வேண்டுமா?

மகளைப் பார்க்கப் போயிருந்தபோது இன்று அருங்காட்சியகமாக இருக்கும் லூவரில் லா தூரின் ‘தச்சர் சூசை’ ஓவியத்தின் முன் வெகுநேரம் நின்றேன். இயேசுவின் வளர்ப்புத் தந்தையான கிழவர் சூசை குனிந்து மரத்தில் துரப்பணத்தால் துளையிடுகிறார். எதிரே சிறுவன் இயேசு மெழுகுவத்தி பிடித்திருக்கிறான். சுடரை மறைக்கும் அவன் கைவிரல்களுக்குள் வெளிச்சம் புகுந்து சதை செக்கச்செவேலென்று ஒளிர்கிறது. தரையில் ஒரு மரச்சீவல் சுருண்டு கிடக்கிறது. தேவதையோ மேகமோ தங்கப்பூச்சோ ஒன்றும் கிடையாது. இதுவும் பரோக்தான், ஐயா.

அடுத்த இதழில் அந்த ஓவியத்துக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். கறுப்பு வெள்ளையில் மட்டும் அச்சிட்டுவிட வேண்டாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்