குதிரைக்கு இரு பக்கமும் பழக்கம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொடைக்கானல் ஏரிச்சாலையில் சவாரிக் குதிரை வைத்திருப்போர் கவனத்துக்கு. ஒரே திசையில் சுற்றவிட்டு, எப்போதும் இடப்பக்கமே நின்று பிடித்து, இடப்பக்கமே ஆளை ஏற்றினால் குதிரையின் உடல் ஒருபக்கமாக இறுகிவிடும். சேணத்தைக் கழற்றியதும் முதுகைப் பாருங்கள். வேர்வைத் தடம் இரு பக்கமும் ஒன்றுபோல் இல்லையென்றால் எடை சமமாக விழவில்லை.

தரையிலிருந்து தொங்கி ஏறினால் சேணம் இடப்பக்கம் இழுபடும். ஆளைத் திண்டின் மேல் நிறுத்தி ஏற்றுங்கள். இடது அங்கவடியின் (கால் வைக்கும் வளையம்) வார் சீக்கிரம் நீளும், வாரம் ஒருமுறை இரண்டையும் மாற்றிப் போடுங்கள். காசில்லாத வேலைதான், செய்பவர்கள்தான் குறைவு.

காலையில் கூட்டம் சேருமுன் சமதரையில் 20 மீட்டர் வட்டத்தில் 10 நிமிடம் நடத்துங்கள். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை திசை மாற்றவும். ஒருபக்கம் திரும்ப மறுப்பது பெரும்பாலும் முரண்டு அல்ல, இறுக்கம். அந்தப் பக்கத்து லகானை இழுத்தால் கழுத்து மட்டும் மடங்கும், தோள் வெளியே நழுவும். ஏறியிருக்கும்போது வட்டத்தின் உட்பக்கம் இருக்கும் உங்கள் காலால் விலாவை லேசாக அழுத்தி, வெளிப்பக்க லகானால் தோளைத் தாங்குங்கள். இறுகிய பக்கம் அடிக்கடி திருப்புங்கள், ஆனால் கொஞ்ச நேரமே.

நேற்றுவரை நன்றாக நடந்த குதிரை திடீரெனச் சாய்ந்து நடந்தால் பயிற்சியை நிறுத்தி, குளம்பையும் லாடத்தையும் பார்த்து, கால்நடை மருத்துவரிடம் காட்டவும்.

— குதிரைப் பயிற்சியாளர்கள், கொடைக்கானல்