இரண்டாவது சாக்ஸும் முடிந்தது

அன்புள்ள பாப்பாவுக்கு,

பின்னல் எந்த மட்டில் இருக்கிறது என்று போனில் கேட்டாயே, "நடக்கிறது" என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மையில் அன்று காலைதான் அரை ஸ்கார்ஃபைப் பிரித்துப் போட்டிருந்தேன். இப்போது தைரியமாகக் கணக்குச் சொல்லலாம்: ஸ்கார்ஃப் இரண்டு, சாக்ஸ் ஒரு ஜோடி. ஜோடி என்றால் இரண்டாவதும் முடிந்தது என்று அர்த்தம், அதைக் கவனி. முதல் சாக்ஸ் முடிந்த சந்தோஷத்திலேயே பாதிப் பேருக்கு ஆர்வம் வடிந்துவிடும். அம்மாவின் கூடையில் துணையில்லாமல் மூன்று ஒற்றைகள் கிடக்கின்றன. கேட்டால் முறைக்கிறாள்.

ஸ்கார்ஃபைப் பிரிக்க நேர்ந்தது என் பிடிவாதத்தால்தான். ஒரு பக்கம் முழுக்க நிட் என்கிற நேர்ப் பின்னல், மறுபக்கம் முழுக்க பர்ல் என்கிற தலைகீழ்ப் பின்னல் என்று வழவழப்பாகப் பின்னினால் ஓரம் சுருளும் என்று அம்மா முதல் நாளே சொன்னாள். நனைத்து நீட்டிக் காயவைத்தால் சரியாகிவிடும் என்று நான் வாதாடினேன். ஒரு முழம் வளர்வதற்குள் இரண்டு ஓரமும் பின்பக்கமாகச் சுருண்டு, குழாய் மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பின்னலின் சுபாவமே அதுதானாம். பிரித்த நூலோ சுருட்டைமுடி போல நெளிநெளியாக நின்றது. அதைச் சிட்டமாகச் சுற்றி, நனைத்து, அடியில் லேசாக ஒரு பாரம் கட்டித் தொங்கவிட்டோம். காய்ந்ததும் அடங்கிவிட்டது. மறுபடி ஆரம்பித்தபோது எல்லா வரிசையும் நிட் மட்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மேடு பள்ளம், ஓரம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. இன்னொன்று நிட்டும் பர்லும் மாறி மாறி வரும் ரிப் பின்னல், அம்மாவுக்கு. அதில் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை.

சாக்ஸுக்கு வருகிறேன். 64 கண்ணி, அதாவது ஊசியில் 64 நூல் வளையம்; 2.5 மில்லிமீட்டர் ஊசி. இருமுனையும் கூராக இருக்கும் ஐந்து ஊசிகளில் நான்கு கண்ணிகளைத் தாங்கும், ஐந்தாவது வேலை செய்யும். கணுக்கால் வரை சுற்றிச் சுற்றிப் போவது சும்மா பொழுதுபோக்கு. குதிகால்தான் விஷயமே. 64-இல் பாதியை மட்டும் எடுத்து, முன்னும் பின்னுமாக 32 வரிசை பின்னினால் ஒரு பட்டை தொங்கும். அப்புறம் வரிசையைக் கடைசிவரை கொண்டுபோகாமல் நடுவிலேயே திருப்ப வேண்டும். திருப்புவதற்கு முன் இரண்டு கண்ணியை ஒன்றாகச் சேர்த்து, இன்னும் ஒன்று பின்ன வேண்டும். இப்படி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பத் திரும்ப, 32 கண்ணி 18 ஆகும்போது தட்டையாக இருந்த பட்டை குழிந்து, கிண்ணம் மாதிரி உள்ளங்கையில் உட்காருகிறது. வெட்டும் இல்லை, தையலும் இல்லை. இத்தனை வருஷம் வரைபடங்களோடு குப்பை கொட்டியவன் நான். இதைக் கண்டுபிடித்த ஆளுக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்லலாம் போலிருந்தது.

லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் எகிப்தில் கிடைத்த சிவப்புக் கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி இருக்கிறது. வயது 1,600 வருஷத்துக்கும் மேல். செருப்போடு போட்டுக்கொள்வதற்காகக் கட்டைவிரலைத் தனியாகப் பிரித்திருக்கிறார்கள். நம்முடைய இரண்டு ஊசிப் பின்னல் இல்லை, ஒற்றை ஊசியால் நூலை வளையம் வளையமாகக் கோத்துச் செய்தது. ஆனால் குதிகால் இருக்கிறது! அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். "அவர்கள் ஜோடியையும் முடித்திருக்கிறார்கள்" என்றாள். அப்போது நான் ஒற்றையோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

குதிகால் முடிந்ததும் பட்டையின் இரண்டு ஓரங்களிலும் 16, 16 கண்ணி எடுக்க வேண்டும். குதிகாலில் மிஞ்சிய 18, தொடாமல் விட்ட பாதி 32, எல்லாம் சேர்ந்து 82. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மறுபடி 64-க்குக் கொண்டுவர வேண்டும். முதல் சாக்ஸில் நான் ஒரு ஓரத்தில் 15-தான் எடுத்திருக்கிறேன். பாதம் பாதி வளர்ந்த பிறகுதான் கணுக்கால் பக்கத்தில் ஓட்டை தெரிந்தது. அம்மா சுண்டுவிரலை உள்ளே விட்டு, "காற்று வாங்கவா?" என்றாள். பிரிக்க மனம் வரவில்லை. நூலால் இழுத்து மூடிவிட்டேன், தழும்பு தெரியும்.

பெரிய தப்பு வேறொன்று. உன் கால் அளவு எனக்குத் தெரியாது என்பது ஊசியைக் கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது. நீ இங்கே விட்டுப்போன பழைய ஷூவை அளந்து ஒப்பேற்றினேன். ஷூ அளவும் பாத அளவும் ஒன்றில்லை. சாக்ஸ் சுற்றளவில் பாதத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தால்தான் இழுத்துப் பிடிக்கும், இல்லாவிட்டால் நழுவி ஷூவுக்குள் சுருண்டுகொள்ளும். அதனால் உட்கார்ந்து அளக்காதே. தரையில் காகிதம் வைத்து, முழு எடையோடு நின்று, குதிகாலிலிருந்து பெருவிரல் நுனி வரை ஒரு அளவு. விரல்களுக்குச் சற்றுக் கீழே, பாதம் அகலமாக இருக்கும் இடத்தில் சுற்றி ஒரு அளவு. இரண்டு காலும் வேண்டும், ஒன்றுபோல இருக்காது. அடுத்த ஜோடிக்கு நூல் தயாராக இருக்கிறது.

இந்த ஜோடியையும் ஸ்கார்ஃபையும் நாளைக்கு அனுப்புகிறேன். ஸ்கார்ஃபை வெந்நீரில் போட்டுக் கசக்கிவிடாதே. கம்பளி இழையில் செதில் உண்டு, சூட்டிலும் கசக்கலிலும் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு சுருங்கிவிடும், அப்புறம் மீட்க வழியே இல்லை. சாக்ஸ் நூலில் நூற்றுக்கு 25 பங்கு நைலான், அது கொஞ்சம் தாங்கும்.

இந்த சாக்ஸில் இடது வலது கிடையாது. தழும்பு உள்ளதை எந்தக் காலில் போடுவது என்பது உன் இஷ்டம்.

அன்புடன்,
அப்பா