எத்தனை அங்குலம்? சென்னைச் சுற்றுலா நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

குளிர்காலப் பயணங்களை நடத்தும் சென்னைச் சுற்றுலா நிறுவன உரிமையாளர்களுக்கு,

வணக்கம். ஜனவரியில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், உறைந்த ஏரியின் மேல் நடந்தது உங்கள் வட்டாரத்தில் அனைவருக்கும் தெரியும். நடத்தியவர் உங்களில் ஒருவர்தான். பெயரைச் சொல்லப் போவதில்லை. ஊர் திரும்பியதும் அவர் அனுப்பிய மின்னஞ்சலில் ‘சிறு அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்’ என்று இருந்தது. அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடியும் உண்டாம். அந்தச் சிறு அசௌகரியம் என்னவென்று மற்றவர்களும் தெரிந்துகொள்வது நல்லது.

கரையிலிருந்து ஐஸ் மேல் இருக்கும் மீன்பிடிக் குடிசை வரை, கரடுமுரடான தரையிலும் ஓடும் ஏடிவி என்ற சிறு வண்டியில் ஒவ்வொருவராக அழைத்துப் போவதாகத்தான் ஏற்பாடு. ஏடிவி, ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் ஸ்கூட்டர் மாதிரி வண்டி) தவிர வேறு வண்டிக்கு அனுமதியில்லை என்று கரையில் பலகையும் இருந்தது. நேரமாகிவிட்டது என்று ஒருங்கிணைப்பாளர் வாடகை எஸ்யூவியையே ஏரிக்குள் இறக்கிவிட்டார். உள்ளே ஏழு பேர். கண்ணாடியெல்லாம் ஏற்றி, ஹீட்டர் போட்டு, “எல்லாரும் சீட் பெல்ட் போட்டுக்குங்க” என்று அக்கறையாகச் சொன்னார். ஓஎம்ஆரில் ஒருநாளும் பெல்ட் போடாதவர்கள்கூட அன்று போட்டோம். ஐஸ் மேல் வண்டி போகும்போது பெல்ட்டைக் கழற்றி, கண்ணாடியை இறக்கி வைக்க வேண்டும்; உடைந்தால் வெளியே வர அதுதான் வழி. இது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

“ஐஸ் எத்தனை அங்குலம் தம்பி?” என்று கேட்டேன். “அங்க பாருங்க சார், லாரி மாதிரி வண்டியே நிக்குது” என்று எதிர்க்கரையைக் காட்டினார்.

பாதி வழியில் விடுதிக்காரர் ஸ்னோமொபைலில் விரட்டி வந்து மறித்தார். முன்சக்கரத்தின் பக்கத்திலேயே துளை போட்டு அளந்து காட்டினார். 8 அங்குலம். அதில் மேலடுக்கு 3 அங்குலம் வெள்ளை ஐஸ்.

என் அத்தைக்கு எழுபது வயது. இரண்டு முட்டியும் தேய்ந்தவர். மாமாவின் கையைப் பிடிக்காமல் தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குக்கூடப் போகமாட்டார். ஒவ்வொருவராக இறங்கி, ஆளுக்கு ஆள் தள்ளித் தள்ளிக் கரைக்கு நடக்க வேண்டும், யாரும் யாரையும் பிடிக்கக் கூடாது என்றார் விடுதிக்காரர். ஷூவுக்கு அடியில் மாட்டும் முள்பட்டை எங்களில் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. அத்தை வழுக்கி உட்கார்ந்துவிட்டார். மாமா ஓரெட்டு எடுத்து வைத்தார். அந்த நேரம் பார்த்து எங்கோ ஐஸ் ‘டொம்’ என்று முழங்கியது. “ஏங்க, வராதீங்க, அங்கயே நில்லுங்க” என்று அத்தை கத்தினார். பிறகு சேலைக்கு மேல் போட்டிருந்த அந்தப் பெரிய கோட்டோடு, முட்டி போட்டுத் தவழ்ந்தே கரைக்கு வந்தார். மாமா பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். இன்றுவரை அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். அன்றன்றைக்கு, போகிற வழியிலேயே துளை போட்டு அளந்த ஐஸின் தடிமனை, வண்டி ஏறும் முன் பயணிகளுக்குத் தமிழில் சொல்லுங்கள். சொல்ல முடியாத நாளில் வண்டியை இறக்காதீர்கள்.

இது பெரிய வித்தையும் இல்லை. மினசோட்டா மாநில இயற்கை வளத் துறையே கணக்குக் கொடுத்திருக்கிறது. புதிதாக உறைந்த தெளிவான ஐஸ் என்றால், நடந்து போகக் குறைந்தது 4 அங்குலம். ஸ்னோமொபைலுக்கோ ஏடிவிக்கோ 5 முதல் 7. சிறிய காருக்கு 9 முதல் 10. நடுத்தர டிரக் என்றால் 13. வெள்ளை ஐஸ் என்றால் இது இரட்டிப்பாக வேண்டும். காசிமேட்டில் ஐஸ் பார் இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும்: ஓரமெல்லாம் கண்ணாடி, நடுவில் காற்று அடைபட்டு வெள்ளை. ஏரியில் ஈரப்பனி விழுந்து மறுபடி உறைந்தாலும் அப்படித்தான் வெள்ளையாகும். பலம் ஏறக்குறைய பாதி. ஆக, எங்கள் 8 அங்குலத்துக்கு ஆறரை அங்குல மதிப்புதான். ஏடிவி போகலாம். ஏழு பேரோடு எஸ்யூவி?

ஓரிடத்தில் அளந்தாலும் போதாது. ஊற்று, ஓடை சேரும் இடம், நாணல் புதர் ஓரம் எல்லாம் ஐஸ் மெலிந்திருக்கும். அதனால்தான் 150 அடிக்கு ஒருமுறையாவது துளை போடச் சொல்கிறார்கள். வேகமாகப் போனால் ஐஸுக்கு அடியில் தண்ணீர் அலையாக எழுந்து கரையோரத்தில் உடைக்கும். பழகிய ஊர்க்காரர்களுக்கே ஏமாற்றம் உண்டு: 2023 டிசம்பர் 29 அன்று அதே மாநிலத்தின் அப்பர் ரெட் ஏரியில் பனித்தட்டு பிய்ந்து மிதந்து, நூற்றுக்கும் மேற்பட்ட மீன்பிடிப்பவர்களை மீட்க வேண்டியிருந்தது.

மெரினாவில் விவேகானந்தர் இல்லத்தைத் தாண்டித்தானே உங்களில் பலர் அலுவலகம் போகிறீர்கள்? 1842-இல் ஃபிரெடெரிக் டியூடர் அமெரிக்க ஏரி ஐஸைக் கப்பலில் கொண்டுவந்து சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ் அது. அந்த ஐஸை வெட்டியவர்கள் குதிரையை ஏரிக்குள் இறக்கும் முன் தடிமன் பார்த்துத்தான் இறக்கினார்கள். மதராஸ் துரைமார்களின் கோப்பைக்குப் போன ஐஸுக்குக் கிடைத்த மரியாதை, 2 லட்சத்துக்கும் மேல் கட்டிய எங்களுக்குக் கிடைக்கவில்லை. உங்கள் கையேட்டில் காலை உணவுக்கு எத்தனை இட்லி என்று இருக்கிறது. தயிர்சாதம் எந்தெந்த நாள் என்று இருக்கிறது. ஐஸ் எத்தனை அங்குலம் என்று மட்டும் இல்லை.

முன்னால் ஒரு வண்டி போயிற்று, நாமும் போகலாம் என்பது நம் ஊர் வழக்கம். மழை நாளில் சுரங்கப்பாதைத் தண்ணீருக்குள் பஸ் பின்னாலேயே ஸ்கூட்டரை விடுகிறோம். மாநகராட்சி வைத்த தடுப்பை நகர்த்தி வைத்துவிட்டுப் போகிறோம். சரி, அதற்கு உங்களைக் குறை சொல்ல முடியாது. அது வேறு மடல்.

அடுத்த டிசம்பருக்கான முன்பதிவை நீங்கள் தொடங்கிவிட்டீர்கள். கையேடு அச்சுக்குப் போகும் முன் ஒரு வரி சேருங்கள்: அன்று அளந்த தடிமன் பயணிகளிடம் சொல்லப்படும், போதாவிட்டால் வண்டி இறங்காது. கூடவே ஆளுக்கு ஒரு ஜோடி முள்பட்டையும், ஐஸில் குத்தி ஏறும் கைக்குத்தூசியும் கொடுங்கள். தள்ளுபடி வேண்டாம். அந்த ஒரு வரியைச் சேர்த்த நிறுவனத்திடம் முழுப் பணம் கட்டி வர நாங்கள் தயார். தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பெரம்பூரிலிருந்து ஒரு பயணி